சரசு அக்கா வேலைக்குத் திரும்பிய நாள்

1

நேற்று பிற்பகல் ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் ஊர் மருத்துவமனையில் ஜெர்மன் மொழியில் கால் மணி நேரம் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் பாதியிலேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் பெரிதல்ல. புற்றுநோய் என்று புதிதாகத் தெரியவந்தவர்களும் அவர்களோடு வந்த வீட்டாருமாக ஓர் அறை நிறைய ஆட்கள். ‘உங்களுக்கு எது உதவியது?’ என்பதுதான் தலைப்பு. சிகிச்சை முடிந்து சில வருடங்கள் ஆனவர்களை இப்படி அழைத்துப் பேச வைப்பது இங்கே வழக்கம். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். முடி கொட்டியது, வாய் புண்ணானது, சோறு கசந்தது எல்லாவற்றையும் சொல்ல என்னிடம் ஜெர்மன் வார்த்தைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் கற்றுக்கொண்ட மொழி அது. ஆனால் நான் சொல்ல நினைத்தது திருப்பூரில் இருக்கும் என் அக்காவைப் பற்றி. அவளைப் பற்றி வாயெடுத்ததும் வார்த்தைகள் நின்றுவிட்டன. அக்காவின் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் அந்த மொழியில் என்னிடம் ஒன்றுமே இல்லை. என் சகோதரி மிகவும் களைப்பாக இருந்தார், பிறகு வேலைக்குப் போனார், இப்போது நலம் என்று சொல்லிவிட்டு நன்றி கூறினேன். அவர்களும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சண்முகத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உங்க அக்காவ மூணு வரியில சொல்லி முடிக்க முடியுமா? தமிழ்ல எழுதிப் போடு” என்றார்.

ஆகவே இதை எழுதுகிறேன். ஊரில் யாராவது ஒருவர் இந்த நேரத்தில் ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

நானும் கணவரும் அவிநாசிபாளையத்துப் பக்கம். சண்முகம் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். அந்த மெஷின்களைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தெற்கு ஜெர்மனியில், மலையும் காடுமான ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பயிற்சிக்கு என்று இங்கே வந்தவர் வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். நானும் பின்னாலேயே வந்தேன். இப்போது பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்கிறேன். மகள் மித்ரா இங்கேயே பிறந்தவள். பெர்லினில் படிக்கிறாள்.

எனக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையும் மருந்தும் கதிர்வீச்சுமாக ஒரு வருடம் போயிற்று. அந்த நாட்களில் ஒரு நர்ஸ் என்னிடம் ‘அக்ட்ஸாம்கைட்’ என்று ஒன்று இருக்கிறது, கட்டாயம் வாருங்கள் என்றாள். ‘அக்ட்’ என்றால் எட்டு. எட்டு மணி என்று எடுத்துக்கொண்டு மறுநாள் காலை எட்டுக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். தரை துடைத்துக்கொண்டிருந்த துருக்கிக்காரப் பெண்மணி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள். வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு. அந்த வார்த்தைக்குக் கவனமாய் இருத்தல் என்று அர்த்தம். முதல் நாளே நான் எவ்வளவு கவனம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சொல்லிக்கொடுத்தவர் பெயர் உர்சுலா. உள்ளங்கையில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை வைத்தார். அதைப் பாருங்கள், மோந்து பாருங்கள், உதட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தபோது நான் என்னுடையதை விழுங்கியிருந்தேன். கையில் கொடுத்தால் தின்பதற்குத்தானே? அவர் கோபிக்காமல் இன்னொன்று கொடுத்தார்.

போகப் போகத்தான் விஷயம் பிடிபட்டது. மனசைக் காலி செய்வதோ, நல்லதையே நினைப்பதோ அல்ல அது. பயம் வந்தால் பயம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அடுத்த மாத ஸ்கேனுக்கு ஓடிப்போன மனசை, இப்போது கையில் இருக்கும் தண்ணீர் டம்ளருக்குக் கூட்டி வருவது. அது மறுபடி ஓடும், நாமும் மறுபடி கூட்டி வரவேண்டும். நோயை அது குணமாக்காது என்று உர்சுலா முதலிலேயே சொல்லிவிட்டார். நோயோடு இருக்கும் ஒரு பகல்பொழுதைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தரும், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் பக்கத்து அறை. அது நோயாளிகளோடு வந்தவர்களுக்கானது. சண்முகத்தையும் ஒரு நாள் அங்கே உட்கார வைத்தார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போலவே “நலம், நன்றி” என்று சொல்லிவிட்டு வந்தார்.

3

இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி ஊரில் எவ்வளவோ கதை சொல்லியிருக்கிறேன். ஒரு தாளுக்கு இன்னொரு தாளைக் கேட்பார்கள், அந்தத் தாளை வாங்க முதல் தாளைக் கேட்பார்கள். என் சிகிச்சையின்போது காப்பீட்டு அலுவலகத்தோடு பேசியே எனக்குப் பாதி மூச்சு போயிற்று. ஆனால் அங்கிருந்து வந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்கவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்காக ஒரு பெண் தொலைபேசியில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், “உங்களைப் பார்த்துக்கொள்பவர் நன்றாகத் தூங்குகிறாரா?” என்றாள்.

பக்கத்தில் இருந்த சண்முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று இருந்தது. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, துவைத்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்த மனிதர் பல மாதமாக ஒரு நண்பரைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

பக்கத்து அறைக்கு அவர் மறுபடி போனது அதற்குப் பிறகுதான். அங்கே ஒரு கிழவர், மனைவிக்கு ரத்தப் புற்றுநோய், வாரத்தில் ஒரு சாயங்காலம் சைக்கிள் ரிப்பேர் செய்ய வருகிறீர்களா என்று கேட்டார். இவர் போக ஆரம்பித்தார். முதல் வாரம் எனக்கு உள்ளூரக் கோபம். நான் இங்கே படுத்துக் கிடக்கிறேன், இவருக்குச் சைக்கிள் கேட்கிறதோ என்று. ஆனால் திரும்பி வந்தவர் கையெல்லாம் கிரீஸோடு அந்தக் கிழவரைப் போலவே நடித்துக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டே, பல நாட்களுக்குப் பிறகு, தட்டில் இருந்ததை முழுக்க உண்டேன்.

இவ்வளவும் தெரிந்தவளாகத்தான் போன வருடம் பொங்கல் கழிந்து திருப்பூருக்குப் போனேன்.

4

என் அக்கா சரஸ்வதி. எல்லோருக்கும் சரசு. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணிகளில் தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அவள் கணவர் வேலுச்சாமி மாமாவும் சண்முகமும் ஒரே காலத்தில் ஒரே கம்பெனியில் ஃபிட்டர்களாக இருந்தவர்கள். மாமா மெதுவாகப் பேசுபவர், கிண்டல்காரர். அவர்களுடைய ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்ததால் அவனால் உடனே வர முடியவில்லை.

மாமாவுக்குக் குடலில் புற்று. கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். நான் போனில் கேட்கும்போதெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொல்வாள்: அவர் நன்றாக இருக்கிறார், எனக்கென்ன, நான் நன்றாக இருக்கிறேன். வீடியோவில் கூப்பிட்டால் விட்டத்தையும் மின்விசிறியையும் காட்டுவாள்.

தாராபுரம் ரோட்டை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. இருபுறமும் சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகள். காலையிலிருந்து ஓவர்லாக் மெஷின்களின் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் போய் இறங்கியபோது கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அக்கா வந்து திறந்தாள். அவளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் பிடித்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். கட்டிப்பிடிக்கப் போன என்னை நிறுத்தி, முதலில் குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

கிருமி வரும் என்று ஒறம்பரை, விருந்தாளி யாரையும் அவள் உள்ளே விடவில்லை. மருந்து ஏற்றும் காலத்தில் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, யாருமே வரக்கூடாது என்று ஆக்கி வைத்திருந்தாள். கம்பெனிக்கு வரமாட்டேன் என்று சொல்லி நின்றுவிட்டாள். மாமாவுக்குக் கஞ்சி, சாறு, இட்லி என்று நேரத்துக்கு நேரம் செய்து ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, அவர் மீதம் வைத்ததை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு. அது தீர்ந்துபோய் வெகுநாளாகியிருந்தது. மாமா இருமினால் ஓடுவாள். இருமாமல் இருந்தாலும் ஓடுவாள்.

நான் அவளை உட்கார வைத்து உர்சுலாவின் பாடத்தை ஆரம்பித்தேன். கண்ணை மூடு, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார் என்றேன். கண்ணை மூடியவள் உடனே திறந்து, “பால எறக்கோணும்” என்று எழுந்து போனாள். மறுநாளும் அப்படித்தான். குக்கர் விசில், தண்ணி மோட்டார், மாமாவின் துண்டு. மூன்றாவது முறை பிற்பகலில் பிடித்து உட்கார வைத்தேன். இந்த முறை அவள் எழவில்லை. சுவரில் தலை சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. தலையணை வைத்துப் படுக்க வைத்தேன். மாமா சைகையில், அப்படியே விடு என்றார்.

சாயங்காலம் விழித்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தாள். அவருக்கு மாத்திரை நேரம் தாண்டிவிட்டதே, நீ எதற்கு இங்கே வந்தாய், உன் ஜெர்மனி வைத்தியத்தை உன் வீட்டிலேயே வைத்துக்கொள் என்று என்னென்னவோ சொன்னாள். மாமா கட்டிலிலிருந்து சொன்னார்:

“நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன், சரசு. நேரத்துக்குத்தான் போட்டேன்.”

அக்கா அதைக் கேட்டு ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் இறுகிப்போயிற்று.

5

மறுநாள் காலை அக்கா குளிக்கப் போனபோது மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அம்மிணி, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். அடுத்த மருந்துக்கு நான் போகப்போறதில்ல.”

வலியா, வாந்தியா, என்ன என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“மருந்தயெல்லாம் தாங்கிக்குவேன். அவளப் பாக்க முடியல. காலைல நான் கண்ணு முழிக்கறப்ப அவ கை என்ற மூக்குகிட்ட இருக்குது. மூச்சு வருதான்னு பாக்கறா. தெனமும் பாக்கறா. எனக்கு வந்தது ஒருத்தனுக்கு வந்த சீக்கு. அது ரெண்டு பேரத் தின்னுட்டு இருக்குது.”

மருந்தை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு அலைவது நிற்கும், அவளும் ஓய்வாள் என்பது அவர் கணக்கு. அது எவ்வளவு தப்பான கணக்கு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை. அவருடைய விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போய்க்கொண்டிருந்ததையும் அப்போதுதான் சொன்னார். அக்கா பயப்படுவாள் என்று அதை டாக்டரிடம்கூட அவர் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து இருவரும் ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவரிடம், இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, அவளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். மருந்தை நிறுத்துவதைப் பற்றி அல்ல, அவள் கையைப் பற்றி.

இட்லித் தட்டோடு அக்கா வந்தபோது சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன், அவர் இருக்கச் சொன்னார். மூக்கருகே வரும் கையைச் சொன்னார், பூட்டிய கேட்டைச் சொன்னார், மரத்துப்போன விரல்களைச் சொன்னார். நீ இப்படியே இருப்பதானால் எனக்கு இந்த மருந்து வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் கேட்டைத் திறந்து போய்விட்டாள்.

நான் பதறிப்போனேன். பின்னால் ஓடவா, மாமாவோடு இருக்கவா என்று தெரியவில்லை. பக்கத்து யூனிட்டில் செல்வராஜ் அண்ணாச்சி என்று ஒரு கட்டிங் மாஸ்டர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருடமாக இந்தத் தெருவில் இருப்பவர். மாமாவைப் பார்க்க வந்து வந்து பூட்டிய கேட்டோடு திரும்பியவர்களில் அவரும் ஒருவர். திறந்த கேட்டைப் பார்த்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க போங்கம்மா. அண்ணன நா பாத்துக்கிடுதேன்” என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாமா என்னிடம், “கம்பெனிக்குத்தான் போயிருப்பா. வேற எங்க போவா” என்றார்.

6

ஆட்டோ பிடித்துப் போனேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்ததுமே, சூப்பர்வைசர் அம்மா உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டியூப்லைட் வெளிச்சத்தில் நீளமான மேசைகள், மேசை நிறையக் குழந்தைகளின் டி-சர்ட்டுகள். மதுரைப் பக்கத்துப் பெண்களும் ஒடிசாவிலிருந்து வந்த பெண்களும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருபுறம் தமிழ், ஒருபுறம் ஒடியா. அக்கா தன் நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு மேசையில் மற்றவர்களோடு நின்று துணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுப்பாள், உள்பக்கம் திருப்புவாள், கழுத்துப் பட்டியை விரலால் தடவிக்கொண்டே வருவாள், தையலை இழுத்துப் பார்ப்பாள், பிசிறை வெட்டுவாள், மடிப்பாள். அடுத்ததை எடுப்பாள். ஒருத்தியும் அவளிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் துணிக்கட்டை அவளுக்கு வாகாக நகர்த்தி வைத்தாள்.

நான் கதவோரமாகவே நின்றேன். டீ வந்தது. அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூடாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வீட்டில் அவள் டீ எப்போதும் ஆறி ஆடை படிந்துதான் கிடக்கும்.

அவளுக்கு நான் மூச்சைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவளோ மாதக்கணக்காக இன்னொருவரின் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு எதையாவது பார்ப்பது. எனக்கு அது அந்தக் கதவோரத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அவளைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்தாள். அண்ணாச்சி மாமாவுக்கு மோர்சோறு கரைத்துக் கொடுத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். அக்கா கைகால் கழுவிக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

“ஏனுங்க, அங்க நின்னு துணி பாத்துட்டு இருந்தப்ப உங்க நெனப்பே வரலீங்க. சுத்தமா வரல. அது தப்புங்களா?”

மாமாவுக்குக் கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தான் புள்ள நான் சாமி கும்பிட்டுட்டு இருந்தேன்.”

அப்போதுதான் அவள் அழுதாள். பல மாதம் அழாமல் இருந்த அழுகை. அவரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, சரி, மருந்துக்கு வருவீர்களா இல்லையா என்று கேட்டாள். நீ வேலைக்குப் போ, நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார் மாமா. என்னிடமே பேரம் பேசுகிறீர்களா என்றாள். ஆமாம் என்றார். அத்துடன் முடிந்தது.

7

அடுத்த முறை கோயமுத்தூர் போனபோது விரல் மரத்துப்போவதை மாமா டாக்டரிடம் சொன்னார். இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்று டாக்டர் செல்லமாகக் கோபித்து, ஒரு மருந்தின் அளவைக் குறைத்தார். அடுத்தடுத்த வாரங்களில் மாமாவுக்குக் கொஞ்சம் தாங்க முடிந்தது. அக்காவையும் கூடவே ஒரு டாக்டரிடம் காட்டினேன். ரத்தக்கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. மாமாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு டப்பா வைத்தோம். அவர் போடும்போது அவளும் போட வேண்டும். மறந்தால் நினைவுபடுத்துவது மாமாவின் வேலை. அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. படுத்திருப்பவருக்கும் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ள ஏதாவது இருக்கவேண்டும் போலும்.

கம்பெனியில் அவளை அரை நாள் வரச் சொன்னார்கள். மருந்து ஏற்றும் வாரத்தில் லீவு. அவள் போகும் காலை வேளைகளில் வீட்டில் யார் என்ற கேள்வி வந்தது. அண்ணாச்சியும், எங்கள் பெரியப்பா மகன் ஒருவரும், எதிர்வீட்டுப் பெண்ணும் முறை வைத்துக்கொண்டார்கள். இவர்களெல்லாம் முன்பும் ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள்தான். அக்கா ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர்கள். இப்போது அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். யார் கேட்டாலும் ஒரு வேலையாகச் சொல்லிவிடு: இளநீர் வாங்கிவா, மருந்துக்கடைக்குப் போய்வா, ஒரு மணி நேரம் உட்கார். கேட்டவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. சளி பிடித்தால் மட்டும் வரமாட்டார்கள். காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாமாவுக்கு ஊசி குத்தும்போது நரம்பு கிடைக்காமல் சிரமப்படுவார்கள். அப்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு, கை எழுவதையும் தாழ்வதையும் பார்க்கச் சொன்னேன். செய்து பார்த்துவிட்டு, குத்துவது குத்துவதாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தின பயம் கம்மி என்றார். உர்சுலாவுக்கு எழுதி அனுப்பினேன். அவருக்கு ஏக மகிழ்ச்சி.

நான் ஜெர்மனிக்குக் கிளம்பும் வாரம், மித்ரா பெர்லினிலிருந்து வீடியோவில் வந்தாள். அவளுடைய தமிழ் இப்போது ஜெர்மனில் யோசித்துத் தமிழில் சொல்லும் தமிழ். இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. பெரியப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி, ஜெர்மனியில் நலம் விசாரிக்கும் விதத்திலேயே கேட்டாள்.

“பெரியப்பா, உங்களுக்கு எப்படிப் போகுது?”

குடலில் அறுவை சிகிச்சை ஆனவரிடம் கேட்கிற கேள்வி. மாமா முகத்தைத் துளியும் மாற்றாமல் பதில் சொன்னார்: “இப்பப் பரவால்ல கண்ணு. காலைல ஒருக்கா போகுது. மொதல்லதான் ரொம்பச் செரமம்.”

மித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நல்லது, பெரியப்பா” என்றாள். அக்கா அடுப்படியிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான் மித்ராவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அதற்குப் பிறகு வாராவாரம் அவரைக் கூப்பிட்டு வேண்டுமென்றே அதையே கேட்கிறாள். அவரும் சளைக்காமல் விவரமாகப் பதில் சொல்கிறார். அம்மா அப்பாவிடம் பேச நேரமில்லாத பெண்ணுக்குப் பெரியப்பாவிடம் பேச நேரம் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

8

மாமாவுக்கு மருந்து முடிந்துவிட்டது. இதுவரை எடுத்த ஸ்கேன்கள் நன்றாக இருக்கின்றன. இன்னும் சில வருடங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின வாரமும் அக்காவுக்குப் பழைய பயம் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான், என் சோதனைக்கு முன்பு. பயம் போய்விடும் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். அது வந்து போகிற ஒறம்பரை மாதிரி ஆகிவிட்டது, வீட்டுக்காரராக இல்லை. நேற்று அந்த அறையில் இதைத்தான் சொல்ல நினைத்தேன். வந்திருந்தவர்களில் ஒரு பெண் கணவரின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவளிடம் போய், கீழே காபி குடிக்க வருகிறீர்களா என்று கேட்டேன். அந்த அளவுக்கு எனக்கு ஜெர்மன் வரும். கணவரைப் பார்த்தாள், போய்வா என்றார் அவர். வந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமாவிடமிருந்து போன் வந்தது. அங்கே சாயங்காலம். செக்கிங் செக்ஷன் பெண் ஒருத்தியின் ஊர் மடத்துக்குளம். அங்கே கோயில் நோம்பி, திருவிழா என்று எல்லாப் பெண்களும் வேன் பிடித்துப் போயிருக்கிறார்கள், அக்காவும் போயிருக்கிறாள். சாப்பாடு செய்து வைத்தாளா என்று கேட்டேன். இல்லை, தானே உப்புமா கிண்டி உண்டுபோட்டதாகச் சொன்னார். அதில் உப்பு எச்சாம், கரித்ததாம்.

“காலைல போனவ, அம்மிணி. பொழுது சாயப்போகுது. இன்னும் ஒரு போன் பண்ணல பாரு” என்றார்.

இத்தனை சந்தோஷமாக ஒரு மனிதர் தன் மனைவியைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை.